எல்லா சீசனும் நல்ல சீசன்

அந்தப் பாலைவன ஊருக்கு வரலாமா என்று யார் எங்கிருந்து போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது பதிவு செய்து வைத்த அவள் குரல்தான். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். எங்கள் ஊருக்கு எல்லா சீசனும் நல்ல சீசன். பொன்மணலும் பேரீச்சை நிழலும் ஆண்டு முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஓட்டல் வாசலுக்கு இதமான ஐந்து நிமிட நடை. சற்றுப் பொறுத்திருங்கள்." ஓட்டலில் எல்லோரும் அவளைக் குரலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அத்தனையும் பச்சைப் பொய். அந்த ஊரின் பேரீச்சை மரங்கள் யாருக்கும் நிழல் தந்து யாரும் பார்த்ததில்லை. குளிர் மாதங்களில் ஊர் சொர்க்கம், அதை அவளும் மறுக்க மாட்டாள். காலையில் இளவெயில், மாலையில் மெல்லிய காற்று, இரவில் கையை நீட்டினால் எட்டிவிடும் போல நட்சத்திரங்கள். அப்போது வருகிறவன் கொடுத்து வைத்தவன். ஆனால் வெயில் காலம் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன சொல்வது? கார்க் கதவைத் துணி சுற்றிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். நீச்சல் குளத்தில் இறங்கினால் யாரோ வெந்நீர் போட்டு வைத்தது போல இருக்கும். நாய்கூடப் பகலில் தெருவில் தலைகாட்டாது. மனிதனைத்தான் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுதிக் கொடுத்தவர் மேலாளர். அவர் வாயைத் திறந்தால் சீசன் என்ற சொல் இல்லாமல் ஒரு பேச்சு முடியாது என்பதால் அவருக்குச் சீசன் சார் என்று பெயர். வெயில் காலத்தில் அறைகள் காலியாகக் கிடந்து ஓட்டல் ஈ ஓட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. எப்போது வந்தால் நல்லது என்று எவன் கேட்டாலும் எல்லா சீசனும் நல்ல சீசன் என்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. மாற்றிச் சொன்னால் மறுநாள் கூப்பிட்டுக் காய்ச்சி எடுப்பார். முதலில் அவளுக்கு நாக்கு கூசியது. அப்புறம் கூசவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு வந்த இடத்தில் நாக்கு எத்தனை நாள்தான் கூசும்?

அவள் உட்காரும் முன்பதிவு அறை அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டர்களுக்காக விட்ட குளிர்காற்று நேராக அவள் உச்சந்தலையில் இறங்கும். அதனால் மேலே ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அவள் கீழே பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை யாரோ எடுத்துக் கொடுத்த போட்டோவை யோசிக்காமல் அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். பின்னால் வந்த வினை அத்தனைக்கும் அந்த ஸ்வெட்டரும் ஒரு காரணம்.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. வண்டி எங்காவது நின்றுபோனால் "இன்னும் சற்று நேரத்தில் வரும்" என்று சொல்லச் சொல்வார்கள். அவர் சொல்ல மாட்டார். "எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியவில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று அறிவித்துவிடுவார். அதற்காக மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. வீட்டில் யார் என்ன சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற மனிதர், அறிவிப்பு என்றால் மட்டும் அப்படியே நம்புவார். அது அவருக்கு வாக்கு கொடுத்த மாதிரி.

மகள் கணவனோடு ஒத்துவராமல் பிரிந்து, யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று தனியாக இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். அவள் எங்கே உட்கார்கிறாள், எங்கே தூங்குகிறாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்கும் இதயத்தில் அடைப்பு எடுத்து, வேளைக்கு ஒரு மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தது. மகன் வீட்டில் இருந்துகொண்டு வாரம் தவறாமல் போன் செய்து, வரட்டுமா என்று கேட்பார்.

குளிர் காலத்தில் கேட்டால், "இப்ப சீசன்ப்பா, மூச்சு விட நேரமில்ல, லீவே கிடையாது, வெயில் வரட்டும்" என்பாள். வெயிலில் கேட்டால், "ஐயோ, இப்ப வந்தா தாங்க மாட்டீங்க, குளிர் வரட்டும்" என்பாள். இரண்டும் சத்தியமான உண்மை. ஆனால் வருஷக்கணக்கில் இப்படியே கேட்டுக்கொண்டிருக்கும் மனிதனுக்கு அது எப்படிக் கேட்கும்? உலகத்தில் எல்லோருக்கும் நல்ல சீசனாக இருக்கிற ஊரில் பெற்ற தகப்பனுக்கு மட்டும் ஒரு சீசனும் இல்லை என்றுதான் கேட்கும்.

ஒரு நாள் அவள் கைப்பேசியை எடுக்கவில்லை என்று அப்பா ஓட்டல் எண்ணுக்கே போன் செய்துவிட்டார். லைன் கிடைக்கக் காத்திருந்த நேரத்தில் மகளின் குரலில் அந்த அறிவிப்பைக் கேட்டார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. சாயங்காலம் அவளைக் கைப்பேசியில் பிடித்து வெளுத்து வாங்கினார்.

"ஊரையே வா வான்னு கூப்பிடுறே. பெத்தவனை மட்டும் வராதேங்கறே. நான் வந்தா உனக்கு என்னம்மா கௌரவக் குறைச்சல்?"

அது மேலாளர் எழுதிக் கொடுத்தது, தான் வெறுமனே படித்தது என்று அவள் கரடியாய்க் கத்திப் பார்த்தாள். எழுதியது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், சொன்னது நீதானே என்று ஒரே போடாகப் போட்டார். வெயில் வெயில் என்று பயமுறுத்துகிறாயே, வெயில் ஊரில் எவளாவது ஸ்வெட்டர் போடுவாளா என்று போட்டோவையும் இழுத்தார். அவளுக்கும் கோபம் தலைக்கேறியது. நம்பாவிட்டால் போங்கள் என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வரவில்லை. முறைத்துக்கொண்டிருக்கிறார், தானாகச் சரியாகிவிடும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம் காவலாளி கீழே போன் செய்தான். கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் பெட்டியோடு சரிந்து உட்கார்ந்திருக்கிறார், ரூம் போட்டிருக்கிறேன் என்கிறார், அப்புறம் பேச்சு குழறுகிறது, போனில் பேசுகிற பொண்ணைக் கூப்பிடு என்கிறார் என்றான். படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்பா மதில் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. சட்டை ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது, வியர்வைகூட நின்றுபோயிருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். இதமான ஐந்து நிமிட நடை என்று மகள் சொன்னதை நம்பி, பாதி வழியில் நின்று ஒரு கடைக்காரனிடம் வழி கேட்டு, இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அந்தக் கனத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவளும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கண்ணாடிக் கதவை நெருங்கும்போது சீசன் சார் ஓடி வந்தார். என்னவோ தண்ணீர் கொண்டு வருகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கையை விரித்துக்கொண்டு வழியில் நின்றார். முகப்புக் கூடத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள், சரக்கு வாசல் வழியாகக் கொண்டு போங்கள் என்றார். சரக்கு வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வெயிலில் கட்டடத்தை முழுக்கச் சுற்ற வேண்டும்.

"இவரும் விருந்தாளிதான் சார். ரூம் போட்டிருக்காரு. நகருங்க," என்றாள் அவள். அவர் நகரவில்லை. அவள் அவரைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வாழ்நாளில் ஒரு மேலதிகாரியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

வரவேற்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண், கேட்காமலே ஈரத் துண்டுகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். முகப்புக் கூடத்து நீளச் சோபாவில் அப்பாவைக் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் துண்டை வைத்து, பக்கத்துத் தெரு டாக்டரை வரவழைத்தார்கள். டாக்டர் ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏற்றி, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அப்பாவின் மாத்திரை எங்கே என்று அவள் பெட்டியைத் திறந்தாள். மேலாகவே ஒரு தடித்த கம்பளிப் போர்வை இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பெட்டியின் கனம் முழுக்க அதுதான். ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ராத்திரி குளிருமே என்று அந்த மனிதர் இந்த வெயிலில் கம்பளி சுமந்து வந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. யார் கழுத்தையாவது பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது.

புதுப்பெண் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். ராத்திரி வேளையில் முன்பதிவுப் போன் அவளுக்குத்தான் போகும். இப்போது வரலாமா என்று இந்தப் பெரியவர் கேட்டதும், சொல்லிக் கொடுத்தபடி எல்லா சீசனும் நல்ல சீசன் சார் என்று சொல்லி அறை போட்டுக் கொடுத்தது அவள்தான்.

"உங்கப்பான்னு தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"வேற யாரோட அப்பாவா இருந்தா பரவாயில்லையா?"

புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டுவிட்ட பிறகுதான் குரலக்காவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் ஒருத்தருக்குச் சொன்னாள். தான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

சாயங்காலம் அப்பா கண் விழித்தார். முதலில் மகளின் ஸ்வெட்டரைத்தான் பார்த்தார். அவள் அதைக் கழற்றவே மறந்திருந்தாள்.

"வெயில் ஊர்ல இருந்துகிட்டு உனக்கு எப்படிம்மா குளிருது?" என்றார். அவள் தான் உட்காரும் அடித்தள அறையைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கோபம் இருக்குமென்று நினைத்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"நீ போன்ல வராதேன்னு சொன்னப்ப, என்னமோ கஷ்டத்துல இருக்கே, அதை மறைக்கத்தான் அப்படிச் சொல்றியோன்னு நெனச்சேன். வீட்டு மனுஷங்க பொய் சொல்வாங்க, மனசு நோகக் கூடாதுன்னு. ஆபீஸ் எதுக்கும்மா பொய் சொல்லுது?"

அவள் துண்டை மறுபடி நனைத்து அவர் நெற்றியில் வைத்தாள்.

சற்று நேரத்தில் சீசன் சார் பழத்தட்டோடு வந்தார். பின்னால் காமிராவோடு ஒருவன். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஓட்டலின் மிகச் சிறந்த அறையில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம் என்றார். கொஞ்சம் தேறியதும் குளத்தோரத்தில் ஒரே ஒரு போட்டோ, வெயில் காலத்திலும் மூத்த விருந்தினர்கள் மகிழ்ச்சியாகத் தங்கும் ஓட்டல் என்று போடுவதற்கு, அவ்வளவுதான் என்றார். ஒருத்தன் செத்துப் பிழைத்த சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லை.

அப்பா பழத்தைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஐந்து நிமிட நடையை யார் நடந்து பார்த்தது?

"கார்ல வந்தா அஞ்சு நிமிஷம்தான் சார்," என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே.

குரலக்கா எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கீழே போனாள். அறிவிப்பைப் பதியும் எந்திரத்தை இயக்க அவளுக்குத் தெரியும். பொத்தானை அழுத்தி, பழையதை அழித்து, அதன் மேலேயே பேசினாள். எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை.

"வணக்கம். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எங்கள் ஊரில் இப்போது கடும் வெயில் காலம். பகலில் வெளியே நடமாட முடியாது. பெரியவர்களையும் குழந்தைகளையும் இப்போது அழைத்து வர வேண்டாம். இந்த ஊருக்கு நல்ல சீசன் குளிர் மாதங்கள் மட்டும்தான். எப்போது வந்தாலும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வராதீர்கள். அது ஐந்து நிமிட நடை அல்ல."

மேலே வந்து தன் கைப்பேசியில் ஓட்டல் எண்ணைப் போட்டு அப்பாவின் காதில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பழைய தொழில் பழக்கத்தில் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திறந்தார். "இதுதாம்மா அறிவிப்பு," என்றார். அவள் வேலைக்கு வந்தது முதல் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

மறுநாள் காலை சீசன் சார் காதில் அது விழுந்துவிட்டது. போன் செய்தவர்கள் பாதிப் பேர் குளிர் வந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்களாம். அவர் அடித்தளத்துக்கே இறங்கி வந்து, சலவை அறை வரைக்கும் கேட்கும்படி கத்தினார். உடனே மாற்றிப் பதிவு செய் என்றார். முடியாது, வேறு குரல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வெயில் காலத்தில் தோட்டக்காரர்களையும் குளம் துடைக்கிறவர்களையும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். இந்த வருஷம் அவளும் போகலாம் என்றார்.

"சீசன் ஆரம்பிச்சதும் சொல்லி அனுப்புறேன்," என்றார்.

"எது சார் சீசன்? எல்லாமே சீசன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தோம்?"

அவள் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அப்பா எழுந்து நடமாடுகிற வரை தன் வாடகை அறையிலேயே வைத்துக் கவனித்துக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், தண்ணீர்ப் பானையைப் பார்த்தார், கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்று திட்டினார். ஓட்டலின் மிகச் சிறந்த அறை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம், நீயும் வா என்றார். அவள் மறுக்கவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு பேருந்து நிலையத்துக்குக் காரில் போனார்கள். வெயில் போயும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குக் காத்திருந்தபோது அப்பா அவள் கைப்பேசியை வாங்கினார். இன்னொரு தடவை உன் அறிவிப்பைக் கேட்கிறேன் என்று ஓட்டல் எண்ணைப் போட்டு, சத்தமாக வைத்தார்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். எங்கள் ஊருக்கு எல்லா சீசனும் நல்ல சீசன்."

அதே பொன்மணல், அதே பேரீச்சை நிழல், அதே ஐந்து நிமிட நடை. குரல் மட்டும் வேறு. வரவேற்பு மேஜைப் புதுப்பெண். பயந்து பயந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்திருந்தாள். குரலக்காவுக்கு ரத்தம் கொதித்தது. ஈரத் துண்டோடு ஓடி வந்தவள்தானே இவள், கண்ணால் பார்த்தவள்தானே, அதற்கப்புறமும் எப்படி வாய் வந்தது என்று பொரிந்து தள்ளினாள்.

அப்பா அவளை முழுக்கப் பேச விட்டார். அறிவிப்பு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"அந்தப் பொண்ணை ஏம்மா திட்டுறே?" என்றார். "அவளுக்கும் ஒரு அப்பன் இருப்பான். எங்கயோ உக்காந்து, நம்ம பொண்ணு குரல்டான்னு இதைக் கேட்டுக்கிட்டிருப்பான்."

வண்டி வந்து நின்றது. அப்பா பெட்டியை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, லைனை வெட்டாமல், அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி புதுப்பெண் எடுக்கும்வரை காத்திருந்தாள்.

"வணக்கம், சொல்லுங்க," என்றது அதே பயந்த குரல்.

"நான்தான். ஒண்ணும் பேச வேண்டாம், கேளு. முதல்ல உங்க வீட்டுக்குப் போன் பண்ணு. அந்த அறிவிப்புல வர்றது உன் வார்த்தை இல்ல, அத்தனையும் பொய்யின்னு உங்கப்பாகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு."



"எங்கப்பா இங்க வரக் கிளம்பிட்டாருக்கா," என்றாள் புதுப்பெண்.